கசங்காத முந்தானை

டமால் என்று ஒரு சத்தம்.

நூலகத்தின் இரண்டாவது மாடியில் இருந்தவர்கள் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார்கள். அதற்குள் மாரிசெல்வி மேஜைக்கு அடியில் போய்விட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள். பட்டாசு ஊரில் பிறந்தவர்களுக்கு இது யாரும் சொல்லிக் கொடுக்காமலே வரும். முதல் சத்தத்துக்குப் பின்னால் இரண்டாவது வரும். வரவில்லை என்று உறுதியான பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.

இரண்டாவது சத்தம் வரவில்லை. கருகிய நாற்றம்தான் வந்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! யூபிஎஸ் பேட்டரி வெடிச்சிருச்சு. எல்லாரும் உக்காருங்க!" என்று கத்திக்கொண்டே பாலகுரு ஓடி வந்தான். பல்கலைக்கழக நூலகத்தின் கணினிப் பிரிவில் ஒப்பந்த வேலை பார்ப்பவன். காரியாபட்டிக்காரன். மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த செருப்பைப் பார்த்துக் குனிந்தான்.

"ஏத்தா மாரி, வெளிய வா. இது உங்க ஊரு இல்ல."

அவள் வெளியே வந்து முதலில் செய்த காரியம், செல்போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டதுதான்.

"என்னத்தா? எங்கன சத்தம்?" என்றார் செல்லச்சாமி. பகல் பன்னிரண்டு மணிக்கு மகள் போன் செய்தால் அவருக்கு வேறு காரணம் தோன்றாது.

"இங்கனதாம்ப்பா. லைப்ரரியில. பேட்டரி. நீங்க எங்கன இருக்கீக?"

"ஆலங்குளத்துல. சுண்ணாம்புக்கல் லோடு ஏத்திக்கிட்டிருக்கேன். ஒனக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லப்பா."

"சரி, வையி."

அவ்வளவுதான். குரலைக் கேட்டால் போதும். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

போனை வைத்த பிறகுதான் அவள் கணினியைப் பார்த்தாள். திரை கறுப்பாக இருந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அந்தத் திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. பதினெட்டு மாதமாக அவள் தேடிக்கொண்டிருந்த வரி.

"போச்சு, பாலகுரு" என்றாள். "கிடைச்சுது. தொடுறதுக்குள்ள போச்சு."

*

மாரிசெல்வி சமூகவியலில் ஆராய்ச்சி மாணவி. பட்டாசு விபத்துக்குப் பிறகு பழி யார் மேல் விழுகிறது என்பது அவளுடைய தலைப்பு. பேராசிரியருக்குத் தலைப்பு மட்டும் தெரியும். மீதி பாலகுருவுக்குத் தெரியும்.

மீதி இதுதான். பத்து வருடத்துக்கு முன்னால், ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி, எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆறாம் நம்பர் அறை வெடித்தது. ஆறு பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி அவளுடைய அம்மா குருவம்மாள். அந்தக் கம்பெனியின் போர்மேன் அவளுடைய அப்பா.

போலீஸ் வந்தபோது, "அறையில வெடிமருந்தைக் கூடுதலா வச்சது நான்தான். என் தப்புதான்" என்று செல்லச்சாமி தானாகவே சொன்னார். கோர்ட்டிலும் அதையே சொன்னார். ஜெயிலுக்குப் போனார், வந்தார். முதலாளி வேறு பெயரில் வேறு கம்பெனி நடத்திக்கொண்டிருக்கிறார். செல்லச்சாமி அதன் பிறகு பட்டாசுப் பக்கமே போகவில்லை. ஊரில் நல்லது கெட்டது எதற்கும் அவரை யாரும் அழைப்பதில்லை, அவரும் போவதில்லை.

அதைக்கூட மாரிசெல்வி பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது வேறொன்று. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதிக்கு ஊர் முக்கில் ஒரு பிளெக்ஸ் கட்டுவார்கள். கண்ணீர் அஞ்சலி. இறந்தவர்கள் ஆறு பேர். பிளெக்ஸில் இருப்பது ஐந்து படம். போர்மேன் பெண்டாட்டியின் படம் கிடையாது.

போன மாதம் ஊருக்குப் போனபோது அவள் நேரே பெத்தணன் வீட்டுக்குப் போனாள். பெத்தணன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் முப்பது வருடமாக வேலை பார்ப்பவர். பிளெக்ஸை வருடா வருடம் அடித்துக் கட்டுவது அவர்தான். ஆறு பேரில் அவருடைய மகள் பாண்டிச்செல்வியும் ஒருத்தி. பத்தொன்பது வயது. தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

"மாமா, இது பத்தாவது வருசம். இந்தத் தடவையாச்சும் எங்கம்மா போட்டோவையும் வையுங்க."

பெத்தணன் கையில் ஒட்டியிருந்த மையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"குருவம்மா மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல தாயி. எம் பிள்ளைக்குத் தலை பின்னி விடுவா. ஆனா அங்கன அவ போட்டோவை வச்சா, ஒங்கப்பன் வந்து நின்னு கும்பிடுவான். எம் பிள்ளை படத்துக்கு முன்னால அவன் நிக்கப்படாது. எந் தப்புன்னு அவன் வாயாலேயே சொன்னான்ல?"

"முதலாளியைக் காப்பாத்தச் சொல்லியிருப்பாரு மாமா."

"நீ சொல்லுத."

"விபத்து நடந்த மறு வருசம் ஆராய்ச்சிக்குன்னு ஒரு காலேஜு டீச்சரம்மா வந்து எல்லார்கிட்டயும் பேசுனாகளாமே. பக்கத்து வீட்டு ராமுத்தாய் அத்தை சொன்னாக. அந்தம்மா அதைக் கட்டாயம் எங்கனயாவது எழுதியிருப்பாக."

"வந்தாக. எங்கிட்டயும் பேசுனாக. அழுததுதான் மிச்சம். சரி, அப்படி எழுதியிருந்தா அச்சுல கொண்டாந்து காட்டு. நான் அச்சாபீசுக்காரன். வாயால சொல்றதை நம்ப மாட்டேன். அச்சுல வந்தா யாரு சொன்னா, யாரு அடிச்சான்னு கீழ பேரு இருக்கும். ஒங்கப்பன் மேல தப்பில்லைன்னு காட்டு. ஆறாவது போட்டோவை நானே பெருசா வைக்கேன்."

அந்த டீச்சரம்மா மாரிசெல்விக்கு நினைவில் இல்லை. அவர் வந்தபோது அவள் அத்தை வீட்டில் இருந்தாள். ஒரு தடவை அப்பாவிடம் கேட்டாள். "என்னமோ கேட்டாக. மறந்து போச்சு" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

*

மின்சாரம் மூன்று மணிக்குத்தான் வந்தது. பாலகுரு அவளுக்கு வேறொரு கணினியைத் திறந்து கொடுத்தான்.

"என்ன போட்டுத் தேடுனேன்னு ஞாபகம் இருக்கா?"

"அது மறக்குமா?"

பதினெட்டு மாதம் அவள் தேடிய விதம் தப்பு. அது இன்று காலையில்தான் அவளுக்குப் புரிந்திருந்தது. சிவகாசி என்று போட்டால் ஆயிரக்கணக்கில் கட்டுரை வந்தது. பாதிக்கு மேல் தீப்பெட்டி ஆபீஸ் குழந்தைகளைப் பற்றி முப்பது வருடத்துக்கு முன்னால் எழுதியது. பட்டாசு, விபத்து என்று போட்டால் தீக்காய மருத்துவக் கட்டுரைகள் வந்தன. சமூகவியல் மட்டும் என்று வடிகட்டினாள். வருடத்தைக் குறுக்கினாள். ஊர்ப் பெயரைப் போட்டாள். ஊர்ப் பெயருக்கு எப்போதும் ஒரே பதில்: முடிவுகள் எதுவும் இல்லை.

காலையில் டீ குடிக்கும்போது பாலகுரு கேலி செய்தான். "நீங்க ஆராய்ச்சின்னு ஊருக்குப் போறீக. எழுதும்போது ஆள் பேரை மாத்திருதீக, ஊர்ப் பேரை மாத்திருதீக. அப்புறம் லைப்ரரிக்கு வந்து ஊர்ப் பேரைப் போட்டுத் தேடுறீக. உள்ள தாப்பாப் போட்டதும் நீங்கதான், வெளிய நின்னு கதவைத் தட்டுறதும் நீங்கதான்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். ஆள் பெயரை மறைக்கலாம், ஊர்ப் பெயரை மறைக்கலாம். ஒருவர் வேலை செய்யும் விதத்தை எப்படி மறைப்பார்கள்? அதை எழுதத்தானே வருகிறார்கள்?

செல்லச்சாமிக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்தக் கம்பெனியிலும் இல்லாத வழக்கம். காலையில் வேலைக்கு வரும் பெண்கள் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். முந்தானை நுனியை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, அவர் முன்னால் விரித்துக் காட்ட வேண்டும். சுருக்கம் விழுந்தால் பருத்தி, உள்ளே போகலாம். விழாமல் வழவழவென்று விரிந்தால் பாலியெஸ்டர். உரசினால் பொறி தட்டும். அப்படியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மற்ற கம்பெனிக்காரர்கள் அவரை முந்தானைப் போர்மேன் என்று கேலி பேசினார்கள். "அண்ணே, எம் முந்தானை இன்னைக்குப் பாஸா, பெயிலா?" என்று பெண்களும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். "பாஸு. போ" என்பார்.

மாரிசெல்வி காலையில் போட்ட அதே மூன்று ஆங்கிலச் சொற்களைத் தட்டினாள். போர்மேன். சேலை. வாசல்.

முடிவுகள்: ஒன்று.

கட்டுரைச் சுருக்கம் நாலு வரிதான். தென்னிந்தியாவில் ஒரு பட்டாசுக் கிராமம், பொய்ப் பெயர். வாசலில் பெண்களின் சேலை நுனியைக் கசக்கச் சொல்லிச் சோதிக்கும் ஒரு போர்மேன். அவருக்கும் பொய்ப் பெயர், ராமன். விபத்தில் மனைவியை இழந்தவர். குற்றம் தன்னுடையது என்று அவர் ஏன் ஏற்றுக்கொண்டார் என்பதை இந்தக் கட்டுரை ஆராய்கிறது.

அவள் அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தாள். பிறகு முழுக் கட்டுரை என்று இருந்த இடத்தை அமுக்கினாள். உங்கள் நிறுவனத்துக்கு அனுமதி இல்லை என்று வந்தது.

"அந்தப் பத்திரிகைக்கு நம்ம சந்தா கட்டல" என்றான் பாலகுரு. "அழாத. டெல்லியில ஒருத்தி இருக்கா. அவளும் லைப்ரரிதான். மூஞ்சி தெரியாது, மெயில் ஐடி மட்டும் தெரியும். நாலு வருசமா நாங்க ரெண்டு பேரும் கட்டுரை மாத்திக்கிறோம். நாளைக்கு அனுப்பிருவா."

"நெசமாவா?"

"அவ அனுப்பலேன்னா நான் டெல்லிக்கே போயிப் பொண்ணு கேட்டுருதேன்."

இந்தத் தடவை அவள் சிரித்தாள். வராந்தாவுக்கு வந்து பெத்தணனுக்குப் போன் போட்டாள்.

"மாமா, கிடைச்சிருச்சு. எங்கப்பா ஏன் பழியை ஏத்துக்கிட்டாருன்னே எழுதியிருக்காக. வெள்ளிக்கிழமை கொண்டாரேன். போட்டோவுக்கு எடம் விட்டு வையுங்க."

அந்தப் பக்கம் அச்சு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"விட்டு வைக்கேன் தாயி" என்றார் பெத்தணன்.

*

மறுநாள் மதியம் கட்டுரை வந்தது. இருபத்திரண்டு பக்கம். பாலகுருவே அச்செடுத்து, பின் அடித்துக் கொடுத்தான்.

"ஒன் ராசி நம்பர்" என்றான். "ஒம்பதாங் கிளாசுல இங்கிலீசுல இதே மார்க்குதானே வாங்குன? இன்னைக்கு இருபத்திரெண்டு பக்கத்தையும் ஒரே மூச்சுல படிக்கப் போற."

அது உண்மை. ஒன்பதாம் வகுப்பில் அவளுக்குத் தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மதிப்பெண். ஆங்கிலத்தில் இருபத்திரண்டு. பிறகு கல்லூரியில் மூன்று வருடம் அகராதியோடு மல்லுக்கட்டித்தான் இந்த அளவுக்கு வந்திருந்தாள். அப்பாதான் அவளைத் துரத்தித் துரத்திப் படிக்க வைத்தார். "கம்பெனி வாசல்ல நீ போயி நிக்கப்படாது" என்பதைத் தவிர வேறு காரணம் சொன்னதில்லை.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. போர்மேன் கையால் வரைந்த கம்பெனியின் வரைபடம் என்று கீழே போட்டிருந்தது. வாசல், கிணறு, வரிசையாகப் பன்னிரண்டு அறை, நடுவில் குடை மாதிரி ஒரு வேப்பமரம். சின்ன வயதில் அவளுடைய சிலேட்டில் அப்பா வரைந்து காட்டும் அதே குடை மரம். மாரிசெல்வி அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு எல்லாம் அவள் நினைத்தபடியே இருந்தது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஆறு பேர். தீபாவளி ஆர்டருக்காக இரண்டு மடங்கு மருந்தை வைக்கச் சொன்னது முதலாளி. வேண்டாம் என்று போர்மேன் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். வேலை செய்தவர்களே அதைச் சொல்லியிருந்தார்கள். அவள் வரிவரியாகக் கோடு போட்டாள். ஓரத்தில் பெத்தணனுக்குப் படித்துக் காட்டத் தமிழில் குறிப்பு எழுதினாள்.

பதினான்காம் பக்கத்தில் ராமன் பேசத் தொடங்கினார். மேற்கோள் குறிக்குள், ஆங்கிலத்தில். அவள் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே படித்தாள்.

"முதலாளி சொல்லித்தான் மருந்தைக் கூட வைத்தேன். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலையில் இன்னொன்றும் நடந்தது. அதைப் போலீஸிடம் சொல்லவில்லை. என் மனைவி பளபளவென்று ஒரு பச்சைச் சேலை கட்டி வந்தாள். கசக்கச் சொன்னேன். கசக்கினாள். கசங்கவில்லை. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் மகளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள், வீட்டுக்குப் போய் மாற்றி வர நேரமில்லை, இங்கே சேலை மாற்ற மறைவான இடமும் இல்லை, இரண்டு மணி நேரம்தானே என்றாள். எத்தனையோ பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவளை உள்ளே விட்டேன்."

மாரிசெல்வியின் பென்சில் நின்றது.

தமிழ்க் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. ஆகஸ்ட் இருபத்திரண்டு. பதினோரு மணியிலிருந்து அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரைக் கூப்பிட்டபோதும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் மேடை ஏறினாள். பரிசை வாங்கிக்கொண்டு இறங்கிய பிறகு, யாரோ வந்து தலைமையாசிரியரின் காதில் என்னவோ சொன்னார்கள். அம்மாவின் உடம்பை அவளுக்கு யாரும் காட்டவில்லை. அம்மா அன்றைக்கு எந்தச் சேலை கட்டியிருந்தாள் என்று அவள் யாரிடமும் கேட்டதும் இல்லை.

அடுத்த வரியில், கட்டுரையை எழுதிய அந்த டீச்சரம்மா கேட்டிருந்தார்: "எப்போதும் பருத்திச் சேலையில் வருகிறவர், அன்றைக்கு ஏன் அதைக் கட்டினார்?"

ராமனின் பதில் இரண்டே வரி. மகள் முந்தின நாள் சொன்னாளாம். மகள் சொன்னதை அந்த அம்மாள் ஆங்கிலத்தில் சுத்தமாக, இலக்கணப் பிழை இல்லாமல் எழுதியிருந்தார். மாரிசெல்வி அதைத் தமிழாக்க முயன்றாள். முயலவே வேண்டியிருக்கவில்லை. அந்தச் சொற்கள் ஏற்கெனவே தமிழில் அவளிடம் இருந்தன. பத்து வருடமாக எங்கேயோ கிடந்தவை, சொன்ன குரலோடு சேர்ந்து வந்து நின்றன.

"வெள்ளிக் கையோட, கம்பெனிச் சேலையோட அங்கன வந்து நிக்காதம்மா. எல்லாப் பிள்ளைகளும் பாப்பாக."

அலுமினியப் பவுடர் ஒட்டிய அம்மாவின் கை எப்போதும் வெள்ளியாக மின்னும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அதைச் சொன்னபோது அம்மா கோபப்படவில்லை. "சரிடி பெரிய மனுசி" என்று சிரித்துவிட்டு, புளியை எடுத்துக் கையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கட்டுரையில் இன்னும் இருந்தது. பொறி சேலையிலிருந்துதான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நெருக்கம், வெயில், அளவுக்கு மீறிய மருந்து, எதுவாகவும் இருக்கலாம் என்று அந்த அம்மாள் நியாயமாகவே எழுதியிருந்தார். ஆராய்ச்சி மாணவி மாரிசெல்வி அந்தப் பத்தியைப் படித்தாள். சரியான வாதம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. "சேலையைப் பற்றி ஏன் போலீஸிடம் சொல்லவில்லை?"

"சொன்னால் பேப்பரில் வரும். என் மகள் பேப்பர் படிக்கிறவள்."

பாலகுரு இரண்டு டீயோடு வந்தான். "என்ன பெரிய மனுசி, முடிச்சாச்சா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவன் டீயை வைத்துவிட்டு, பக்கத்து மேஜையில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் மறைத்து நின்றுகொண்டான்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம், விருதுநகரில் பஸ் மாறி, சிவகாசி வழியாக அவள் ஊர் போய்ச் சேர்ந்தாள். பை மடியில் இருந்தது. பைக்குள் அந்த இருபத்திரண்டு பக்கம்.

பதிமூன்றாம் பக்கம் வரைக்கும் பெத்தணனிடம் காட்டலாம். அப்பாவின் பழி போகும். ஆனால் பெத்தணன் அச்சகத்துக்காரர். பக்க எண்ணைப் பார்ப்பார். மீதி எங்கே என்று கேட்பார். யாரையாவது வைத்துப் படிக்கவும் சொல்வார். படித்துவிட்டால் குருவம்மாளின் படம் பிளெக்ஸில் என்றைக்குமே வராது. ஐந்து வீட்டுக்காரர்களும் அவளுடைய பச்சைச் சேலையைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்பா பத்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போகும்.

பஸ் நிறுத்தத்திலேயே பெத்தணன் நின்றுகொண்டிருந்தார். கையில் சுருட்டிய தாள். அவள் இறங்கியதும் விரித்துக் காட்டினார். பிளெக்ஸுக்கு முன்னோட்டமாக எடுத்த சின்ன அச்சு. மேலே மூன்று படம், கீழே இரண்டு படம். பாண்டிச்செல்வி ரெட்டைச் சடையோடு சிரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்.

"எம் பிள்ளைக்குப் பக்கத்துலயே எடம் விட்டிருக்கேன். தலை பின்னி விடுவாள்ல" என்றார். "எங்க, அச்சைக் காட்டு."

மாரிசெல்வி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல மாமா. படிச்சுப் பாத்தேன். அது வேற ஊரு."

"வேற ஊரா?"

"ஆமா. வேற போர்மேன். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

பெத்தணன் அந்த வெள்ளைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் இந்தத் தடவை கொஞ்சம் எதிர்பார்த்தேன் தாயி" என்றார். "செல்லச்சாமியோட பேசி வருசம் பத்தாச்சு. ஒண்ணாம் நம்பர் கூட்டாளி அவன் எனக்கு." தாளைச் சுருட்டினார். "சரி. அந்த எடத்துல ஒரு குத்துவிளக்குப் படம் போட்டுருதேன். வெறுமனே கிடக்கப்படாதுல்ல."

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கூப்பிடலாமா என்று ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை.

*

வீட்டு வாசலில் செல்லச்சாமி கால் கழுவிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கல் தூசி தலையெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"வா தாயி. சாப்பிட்டியா? மொச்சைக் குழம்பு வச்சிருக்கேன். ஒனக்குன்னு உப்புக் கம்மியா."

"நீங்க எப்ப உப்புச் சரியாப் போட்டிருக்கீக?"

"அப்ப இன்னைக்கு உப்பே போடலேன்னு வச்சுக்கோ."

வழக்கமான பேச்சுத்தான். அவள் சிரித்தும் காட்டினாள். ஆனால் அவருடைய கையைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கைக்கு முன்னால் அம்மா முந்தானையை விரித்துக் காட்டியிருப்பாள்.

சேலைச் சங்கதி தெரிந்தும் பத்து வருடம் இவர் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. கோபம் வந்த நாளில்கூட, அம்மா பேச்சை எடுத்த நாளில்கூட. முதலாளிக்குப் பயந்து பொய் சொன்னவர் என்று அவள்தான் மனதுக்குள் அவரை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

அவள் முகம் கழுவப் பின்னால் போனாள். தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். பெத்தணனிடம் சொன்ன பொய்யையே அப்பாவிடமும் சொல்லிவிடுவது, ராத்திரியே அந்தத் தாள்களை அடுப்பில் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

உள்ளே வந்தபோது செல்லச்சாமி தரையில் உட்கார்ந்திருந்தார். அழுக்குத் துணி இருந்தால் ஊறப் போடலாம் என்று வழக்கம் போல அவளுடைய பையைத் திறந்திருக்கிறார். துணிக்கு மேலே கட்டுரை இருந்திருக்கிறது. அது இப்போது அவர் மடியில், மூன்றாம் பக்கத்தில் விரிந்து கிடந்தது. அவருக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தக் குடை மரம் அவருடையது.

ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, ஆறாம் நம்பர் அறை மேல் விரலை வைத்தார்.

"இது நான் போட்டுக் கொடுத்த படம்" என்றார்.

மாரிசெல்வி பின்வாசற்படியிலேயே நின்றாள்.

"நீ படிச்சியா தாயி?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"முழுசுமா?"

அவள் தலை தானாக அசைந்தது.

செல்லச்சாமி தாள்களை மெதுவாக ஒழுங்கு செய்து அடுக்கினார். மடங்கியிருந்த ஒரு முனையை விரலால் நீவி விட்டார். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"தமிழ்ல எங்கனயும் போட்டுராதீக, இங்கிலீசுல மட்டும்னா சொல்றேன்னு அந்த டீச்சரம்மாட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் தாயி சொன்னேன்... அப்ப நீ இங்கிலீசுல இருபத்திரெண்டு மார்க்குதானே எடுத்துக்கிட்டிருந்த."